சுவர் முழுக்கச் சிவப்பு: வாசகர் கேள்விகள்

மின்கட்டமைப்புக் கட்டுப்பாட்டு அறைகளில் பல திரைகளை ஒட்டி அடுக்கிச் சுவரை அடைத்து நிற்கும் 'வீடியோ வால்' (video wall) பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு பத்தி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மின் உற்பத்தியையும் தேவையையும் நொடிக்கு நொடி சமன்செய்யும் லோடு டெஸ்பாட்ச் சென்டரில் ஷிஃப்ட் பார்த்தவன், பிறகு அதே அறையில் திரை மாட்டும் வேலையை மேற்பார்வை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டி.வி.யில் மின்சாரக் கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார்கள். சுவரில் எங்கே பார்த்தாலும் சிவப்புக் கட்டம். நம் மின்சாரத்தில் இவ்வளவு கோளாறா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

கோளாறு இல்லை அம்மா. எங்கள் தொழிலில் சிவப்பு என்றால் பிரேக்கர் (மின்பாதையை இணைக்கும், துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) 'ஆன்', மின்சாரம் ஓடுகிறது, கிட்டே போகாதே என்று பொருள். பச்சை என்றால் பிரேக்கர் 'ஆஃப்'. திரை மளமளவென்று பச்சையாக மாறினால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பார்வையிட வரும் பெரிய மனிதர்களும் இதையே கேட்பார்கள். பச்சையாக இருக்கும் இடத்தைக் காட்டி "இங்கே நன்றாக ஓடுகிறது போல" என்று பாராட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு.

இப்போது சில இடங்களில் வழக்கமான நிலையில் இருப்பதையெல்லாம் சாம்பல் நிறத்தில் அடக்கமாகக் காட்டிவிட்டு, ஏதாவது மாறினால் மட்டும் பளிச்சென்று நிறம் வரும்படி வடிவமைக்கிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான். எட்டு மணி நேரம் சிவப்பையே பார்த்துக்கொண்டிருப்பவன் கண்ணில் புதிதாக வரும் ஒரு சிவப்பு படாது.

ஒவ்வொரு மேசையிலும் நான்கு மானிட்டர் இருக்கும்போது அவ்வளவு பெரிய சுவர் எதற்கு? வெறும் பந்தாவா? (பொறியியல் மாணவர், சேலம்)

பந்தாவும் உண்டு, மறைப்பானேன். ஆனால் அது மட்டும் இல்லை.

மானிட்டர் உங்களுக்கு, சுவர் அறைக்கு. ஷிஃப்டில் ஒருவர் உற்பத்தியைப் பார்ப்பார், ஒருவர் மின்பாதைகளை, ஒருவர் காற்றாலையை. இன்னொருவர் காதில் போனோடு பெங்களூரில் இருக்கும் தென்மண்டல மையத்தோடு பேசிக்கொண்டிருப்பார். அவரவர் மானிட்டரில் அவரவர் வேலை திறந்திருக்கும். ஒரு 400 கே.வி. (கிலோவோல்ட்) லைன் டிரிப் ஆனால், அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டால், எல்லோரும் ஒரே நொடியில் தலையைத் தூக்கி ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். "எந்த லைன்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். தொடக்கம் ஒஹையோ மாநிலத்தில், ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனத்தின் பகுதியில். மதியம் 2:14 மணிக்கு அவர்களுடைய அலாரம் மென்பொருள் சத்தமில்லாமல் செயலிழந்துவிட்டது. செயலிழந்தது ஆபரேட்டர்களுக்கே தெரியாது. 3:05-க்கு ஒரு 345 கே.வி. லைன் மரத்தில் பட்டு டிரிப் ஆனது. அடுத்த முக்கால் மணிக்குள் இன்னும் இரண்டு 345 கே.வி. லைன்கள் போயின. வெளியிலிருந்து போன் மேல் போன் வந்தது. அவர்கள் திரையிலோ எல்லாம் நலம். 4:10 வாக்கில் கதை முடிந்தது.

இரு நாட்டு விசாரணைக் குழு அறிக்கை ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னது: மற்றப் பல கட்டுப்பாட்டு அறைகளில் இருப்பதுபோல அந்த அறையின் சுவரில் கட்டமைப்பு முழுவதையும் காட்டும் வரைபடப் பலகை இல்லை, இருந்திருந்தால் எந்தெந்த லைன் போயிருக்கிறது என்று தெரிந்திருக்கக்கூடும். 'தெரிந்திருக்கக்கூடும்' என்றுதான் சொன்னார்கள், கவனியுங்கள். சுவரில் தெரிவதும் அதே கம்ப்யூட்டரிலிருந்து வருவதுதான். கம்ப்யூட்டர் உறைந்துபோனால், சுவரும் உறைந்த எண்களைத்தான் அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். திரை உயிரோடு இருக்கும், படம் செத்திருக்கும். அதனால் தகவல் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோன எண் எதுவோ அது உடனே நிறம் மாற வேண்டும். இதைத் திரை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, ஸ்காடா, அதாவது தூரத்துச் சப்-ஸ்டேஷன்களின் தகவலைத் திரட்டி அங்குள்ள பிரேக்கர்களை இயக்கும் அமைப்பு, அதன் மென்பொருள்காரரிடம்தான் கேட்க வேண்டும். திரையின் மூலையில் ஓடும் கடிகாரமும் ஸ்காடா சர்வரிலிருந்தே வரட்டும். சர்வர் நின்றால் நொடி நின்றுவிடும், யாராவது ஒருவர் பார்த்துவிடுவார். ஃப்ரீக்குவென்சி (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண், உற்பத்தியும் தேவையும் ஒத்துப்போகிறதா என்பதை அதுதான் காட்டும்) மட்டும் இதையெல்லாம் நம்பாமல் தனிக் கருவியிலிருந்து தனிப் பெட்டியில் பெரிய எண்ணில் வேண்டும். ஸ்காடா படுத்தாலும் அது ஓடும்.

நான் மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்த காலத்தில் சுவரில் சின்னச் சின்னக் கட்டங்கள் பதித்த பலகை இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அது என்ன ஆனது? (ஓய்வு பெற்றவர், மேட்டூர்)

மிமிக் போர்டு. விரல் நுனி அளவுச் சதுரக் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் மின்பாதையை நிறக் கோடாகப் போட்டு, நடுவில் குட்டி விளக்கு வைத்தது. பல இடங்களில் கழற்றிவிட்டார்கள். ஒரு புது சப்-ஸ்டேஷன் வந்தால் அந்தப் பகுதிக் கட்டைகளைப் பிடுங்கி, மாற்றி அடுக்கி, பின்னால் போய் ஒயர் இழுக்க வேண்டும். சலித்துப்போய்ப் பல நேரம் கலர் டேப்பை ஒட்டிச் சமாளிப்போம்.

ஆனால் அதற்கு ஒரு குணம் இருந்தது ஐயா. மாற்றுவது கஷ்டம் என்பதால் தேவையில்லாத எதையும் யாரும் அதில் வைக்கவில்லை. இன்றைக்கு மவுஸைச் சொடுக்கினால் சுவரில் எதையும் ஏற்றலாம். ஏற்றிவிடுகிறார்கள்.

எங்கள் நிறுவனம் ஒரு கட்டுப்பாட்டு அறைக்குத் திரை போட விலைப்புள்ளி கொடுக்கிறது. எல்.சி.டி., கியூப், எல்.இ.டி. மூன்றில் எதைச் சொல்லலாம்? எவ்வளவு பெரிதாகச் சொல்லலாம்? (விற்பனைப் பிரிவு ஊழியர், கோவை)

எல்.சி.டி. விலை குறைவு, படம் துல்லியம். ஆனால் இரண்டு பேனலுக்கு நடுவில் கறுப்புக் கோடு விழும். விளம்பரப் படத்துக்கு அது பரவாயில்லை. மின்பாதை வரைபடத்தில் அந்தக் கோட்டுக்கடியில் ஒரு பிரேக்கர் போய் ஒளிந்துகொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒரே படம் இரவு பகலாக நிற்பது. ஓர் இடத்தில் வரைபடத்தை எடுத்துவிட்டு வேறு படம் போட்டார்கள். பழைய பஸ்பார் (சப்-ஸ்டேஷனில் பல லைன்கள் வந்து சேரும் பொதுக் கம்பி) கோடுகள் பேய் மாதிரி பின்னால் அப்படியே தெரிந்தன. எங்கள் படம் வருடக்கணக்கில் அசையாத படம், அதை மறந்துவிடாதீர்கள்.

கியூப் என்பது பின்னாலிருந்து ஒளி வீசும் புரொஜெக்டர் பெட்டி. உள்ளே லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள் கொண்ட டி.எல்.பி. சில்லு. படம் பதிந்துபோகாது, இணைப்புக் கோடு மயிரிழைதான். முன்பு விளக்கு மாற்றி மாற்றியே கை ஓய்ந்துபோகும். எல்.இ.டி., லேசர் ஒளிமூலம் வந்த பிறகு அந்தப் பாடு இல்லை. ஆனால் ஆழம் அதிகம், பின்பக்கம் ஆள் போக இடம் கேட்கும் மாடல்களும் உண்டு. எல்.இ.டி. புள்ளிகளே படமாக ஒளிரும் நேரடி எல்.இ.டி.யில் கோடே கிடையாது, சுவரோடு ஒட்டி நிற்கும். இனி வரும் அறைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். அதில் இரண்டு விஷயம். வாங்கும்போதே அதே தயாரிப்புத் தொகுதியிலிருந்து உதிரி மாட்யூல்களை வாங்கிப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். பிறகு வாங்கினால் நிறம் ஒத்துவராது, சட்டையில் போட்ட ஒட்டு மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். இரண்டாவது, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்தபோது படம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த அறையில் முழு வெளிச்சத்தை எவனாலும் தாங்க முடியாது. மட்டமான எல்.இ.டி. மங்கலாக வைத்தால் நிறம் கெடும்.

அளவைப் பற்றி. முதலில் நாற்காலிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்துவிட்டு வாருங்கள். கடைசி வரிசை 8 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிரமமில்லாமல் படிக்க எழுத்தின் உயரம் தூரத்தில் இருநூறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், அதாவது 40 மி.மீ. 70 அங்குலக் கியூப்பை எட்டு குறுக்கே, மூன்று உயரமாக அடுக்கினால் சுவர் சுமார் 12.4 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம். 40 மி.மீ. எழுத்தை இடைவெளிவிட்டு எழுதினால் மேலிருந்து கீழே நாற்பது வரிதான் கொள்ளும். கிட்டத்தட்ட 5 கோடி பிக்சல் என்று நீங்கள் பெருமையாக விற்பனைத் தாளில் போடலாம், கண்ணுக்கு எட்டுவது நாற்பது வரி. எல்.இ.டி. என்றால் பிக்சல் இடைவெளியையும் பாருங்கள். 1.2 மி.மீ. இடைவெளி என்றால் சுமார் 4 மீட்டருக்கு அப்பால் புள்ளி தெரியாது. எல்லோரும் 6 மீட்டருக்கு அப்பால் உட்காரும் அறையில் 0.9 மி.மீ. திரையைத் தள்ளிவிடுவது உங்களுக்கு லாபம், அவர்களுக்கு இல்லை. இப்படி எழுதுவதற்காக உங்கள் மேலாளர் என்னைத் திட்டுவார், பரவாயில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டு அறையில் பழைய திரையைக் கழற்றிப் புதியது மாட்ட வேண்டும். முதல் முறையாக இந்த வேலைக்குப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (டெக்னீஷியன், மதுரை)

நல்ல கேள்வி தம்பி. இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை.

முதலில் மாதம். தமிழ்நாடு என்றால் சித்திரை வெயிலில் தொடாதே. 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் அந்த அறையில் டிரில் சத்தம் கேட்டால் ஷிஃப்ட் இன்ஜினியர் உன்னையே கழற்றி மாட்டிவிடுவார். ஆடிக் காற்றில் காற்றாலை 5,000 மெகாவாட்டுக்கு மேல் ஏறும், திடீரென்று விழும். அப்போதும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை புயல் காலம். மிச்சம் இருப்பது தை, மாசி. டெண்டர் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை, மார்ச் 31-க்குள் முடி என்பார்கள்.

பழைய சுவரை ஒரே நாளில் இறக்காதே. பாதியை இறக்கு, அந்தப் பாதியின் படத்தை ஸ்டாண்டில் நிற்கும் பெரிய டி.வி.களில் ஓடவிட்டு, ஷிஃப்ட்காரர்கள் "சரி, தெரிகிறது" என்று கையெழுத்துப் போட்ட பிறகு அடுத்த பாதிக்குப் போ. ஃப்ரீக்குவென்சிப் பெட்டி மட்டும் ஒரு நிமிடம்கூட அணையக் கூடாது. மாலை ஆறு மணிக்கு மேல் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடு. விளக்கு போடும் நேரம் அவர்களுக்கு நெருக்கடியான நேரம்.

துளை போடுவதற்கு முன் தலைக்கு மேல் பார். புகை உணர்வான் இருக்கும். கான்கிரீட் தூசிக்கும் புகைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பின்னால் தீயணைப்பு வாயு சிலிண்டர் இணைந்திருந்தால் அறைக்குள் வாயு கொட்டிவிடும். எழுத்துமூலம் அனுமதி வாங்கி அந்தப் பகுதியை நிறுத்திவை, தீயணைப்பானோடு ஒருவரை நிற்க வை, வேலை முடிந்ததும் அன்றன்றே திரும்ப உயிர்ப்பிக்கச் சொல். டிரில் முனையிலேயே வேக்குவம் பிடி. வெல்டிங், கிரைண்டர் எல்லாம் வெளியே. அறைக்குள் போல்ட் முடுக்கும் வேலை மட்டும்.

ஃபிரேம் நிற்பது ஃபால்ஸ் ஃப்ளோரிங் (ஒயர் ஓட இடம் விட்டு உயர்த்திப் போட்ட தரை) ஓட்டின் மேல் அல்ல, அதற்குக் கீழே உள்ள கான்கிரீட்டின் மேல். ஓட்டை வெட்டி, காலை இறக்கி, ஆங்கர் அடி. அடி வரிசையில் ஒரு கியூப் 1 மி.மீ. சாய்ந்தால் மூன்றாவது வரிசையில் அது கண்ணில் குத்தும் இடைவெளியாக நிற்கும். ஆகையால் லேசர் கோடு ஒரு பக்கம் இருக்கட்டும், ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் கொண்டு போ. நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் அடுக்கு, பிசகு இருந்தால் ஓரங்களுக்குப் பகிர்ந்துவிடும். ஓரத்திலிருந்து தொடங்கினால் முழுப் பிசகும் மறு ஓரத்தில் வந்து உட்காரும்.

ஃபிரேம் உயரத்தை வரைபடத்தில் இருப்பதாலேயே நம்பாதே. ஆங்கர் அடிக்கும் முன், திரையின் அடி விளிம்பு வரும் உயரத்தில் சுவர் நீளத்துக்குக் கயிறு கட்டு. கடைசி வரிசை நாற்காலியில் அந்த ஷிஃப்டிலேயே குட்டையானவரை உட்காரச் சொல். முன்னால் இருப்பவர் தலையும் மானிட்டரும் கயிற்றை மறைத்தால் அடி வரிசை வீண். நான் பார்த்த ஓர் அறையில் அடி வரிசை முழுக்க மறைந்துபோய், கடைசியில் அதில் அலுவலகச் சின்னத்தைப் போட்டுவிட்டார்கள்.

ஏ.சி. காற்று திரை முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. கியூப்பின் திரை அக்ரிலிக் வகை என்றால் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் விரியும், சுருங்கும். மாட்டின கையோடு இடைவெளியைச் சரிசெய்து புகைப்படம் எடுத்து அனுப்பாதே. ஒரு நாள் முழுக்க ஏ.சி.யோடு ஓடவிட்டு, பிறகு கோணமும் நிறமும் சரிசெய். எல்.இ.டி. என்றால் மாட்யூலின் விளிம்பு உன் மோதிரம் பட்டாலே உதிரும். ஸ்டேட்டிக் பிடிக்காத கையுறை, விளிம்பில் விரல் வைக்காமல் தூக்கு.

மின்சாரம் இரண்டு யு.பி.எஸ்.ஸிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பவர் சப்ளை இருக்கிறதா, இரண்டும் வெவ்வேறு யு.பி.எஸ்.ஸில்தான் சொருகியிருக்கிறதா என்று ஒயரைக் கையால் பிடித்துப் போய்ப் பார். இரண்டையும் ஒரே பலகையில் சொருகிவிட்டு 'ரிடன்டன்ட்' (ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும்) என்று அறிக்கை எழுதும் வழக்கம் நம் ஊரில் உண்டு. ஒப்படைக்கும் நாளில் ஒரு யு.பி.எஸ். பக்கத்தை அணைத்துக் காட்டச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீயே அணைத்துக் காட்டு.

அந்தச் சுவரில் வானிலைப் படம், செய்திச் சேனல் எல்லாம் ஓடுகிறதே. ஸ்காடாவை இன்டர்நெட்டோடு இணைத்தால் ஆபத்து இல்லையா? (ஐ.டி. ஊழியர், சென்னை)

ஆபத்து. அதனால்தான் இணைக்கக் கூடாது. வானிலை காட்டும் கம்ப்யூட்டர் தனி நெட்வொர்க்கில் இருக்கும். அதிலிருந்து சுவரின் கன்ட்ரோலருக்கு வருவது வீடியோ கேபிளில் வெறும் படம் மட்டும். படம் வழியாக யாரும் உள்ளே வந்து பிரேக்கரைத் திறக்க முடியாது. மோசமான இடங்களில் வசதிக்காக அதே கன்ட்ரோலரில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நிறுத்திவிடுவார்கள். அதைப் பார்த்தால் உடனே எழுதிக் கொடுங்கள். மேகப் படம் எனக்குப் பிடிக்கும், அரபிக்கடலிலிருந்து மேகம் ஏறினால் காற்றாலைக்காரர் அதைப் பார்த்தே நிமிர்ந்து உட்காருவார். செய்திச் சேனல் வேண்டவே வேண்டாம். கீழே ஓடும் எழுத்து கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும்.

2020-ல் எல்லோரும் ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்தோமே, அப்போது அந்தத் திரையில் என்ன தெரிந்திருக்கும்? (பள்ளி மாணவி, திருநெல்வேலி)

ஏப்ரல் 5, இரவு 9 மணி. வெளியான அறிக்கையைப் படித்தால் இன்றும் எனக்கு வியர்க்கிறது. நாடு முழுக்க 12,000, 13,000 மெகாவாட் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குறைந்தது சுமார் 31,000. அதைத் தாங்கியது பெரும்பாலும் நீர்மின் நிலையங்கள். முன்கூட்டியே அவற்றை ஏற்றி வைத்து, விளக்கு அணைய அணைய இறக்கி, ஒன்பது நிமிடம் முடிந்ததும் திரும்ப ஏற்றினார்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன் கண்ணு. அங்கே இருந்த எல்லோரும் பார்த்தது ஒரே எண்ணைத்தான் என்று அடித்துச் சொல்வேன். ஃப்ரீக்குவென்சி 49.90 ஹெர்ட்ஸுக்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று அது 49.70-க்கும் 50.26-க்கும் நடுவில் ஆடியது. ஆட்டம்தான், ஆனால் விழவில்லை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கும் கிழக்கும் இருண்டபோது தெற்கு தப்பித்தது, ஏனென்றால் அப்போது நம் ஃப்ரீக்குவென்சி தனி. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாகத் தெற்கும் சேர்ந்துகொண்டது. இப்போது காஷ்மீரில் பார்த்தாலும் கன்னியாகுமரியில் பார்த்தாலும் சுவரில் ஒரே எண்.

எங்கள் தெருவில் அடிக்கடி கரன்ட் போகிறது. அந்தத் திரையில் தெரிந்தும் ஏன் சும்மா இருக்கிறீர்கள்? (கோபமான வாசகர், திருவள்ளூர்)

அந்தத் திரையில் 400, 230, முக்கியமான 110 கே.வி. வரைக்கும்தான் இருக்கும். உங்கள் தெருவுக்கு வருவது 11 கே.வி. ஃபீடர், அதற்குக் கீழே டிரான்ஸ்ஃபார்மர், அதற்குக் கீழே உங்கள் ஃபியூஸ். சென்னையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் உங்கள் தெரு தெரியாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் போடுங்கள், மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பக்கத்து வீட்டிலும் இல்லையா, உங்கள் வீட்டில் மட்டுமா என்று முதலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள், அதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.